மைதானத்தில் மூன்று ஷிஃப்ட்

பந்து காணாமல் போனது.

தேவராஜ் ஓங்கித்தான் உதைத்தான். பந்து பாதி மைதானம் வரைக்கும் தடையில்லாமல் உருண்டு போனது. அந்தப் பாதி மொட்டை. அதற்கு அப்பால் புல் ஆரம்பித்தது. உள்ளே நுழைந்த பந்து சரசரவென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. எங்கே நின்றது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

தேவராஜ் எங்கள் குவார்ட்டர்ஸ் விளையாட்டுக் குழுச் செயலாளர். பெயின்ட் ஷாப்பில் வேலை. என்னைவிடப் பத்து வயது சின்னவன், ஆனால் வாய் பெரிது.

"அண்ணே, இதுல பசங்க ஓட்டப் பந்தயம் ஓடுறதா, இல்ல கண்ணாமூச்சி ஆடுறதா?"

என் கையில் ரிஜிஸ்டர் இருந்தது. அன்று காலையில்தான் மைதானத்தின் குறுக்கே நடந்து பத்து இடத்தில் எஃகு ஸ்கேலை ஊன்றிப் புல்லை அளந்திருந்தேன். கூட்டி வகுத்தால் இரண்டு அங்குலம். ஆபீஸ் உத்தரவில் இருந்ததும் இரண்டு அங்குலம்தான்.

"ரீடிங் சரியாத்தான்டே இருக்கு" என்றேன்.

"அத பந்துகிட்ட சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு புல்லுக்குள் இறங்கினான்.

கம்பி வேலியோரம் உட்கார்ந்திருந்த மாட்டுக்காரக் கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தவளுக்கும் சரி, எனக்கும் சரி, அன்று சிரிக்கிற நிலைமை இல்லை. விளையாட்டு விழாவுக்குச் சரியாக ஒரு வாரம் பாக்கி.

கேஜ் ரூம் புத்தி

போன வாரம் இந்தப் பத்தியில் குவார்ட்டர்ஸ் தண்ணீர்த் தொட்டியில் குரங்கு விழுந்த கதையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு அம்பத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "நீங்கள் மெஷின் ஆளா, தோட்ட ஆளா? ஒரு வாரம் இரும்பு என்கிறீர்கள், ஒரு வாரம் புல் என்கிறீர்கள்." நியாயமான கேள்விதான். சொல்லிவிடுகிறேன்.

ஆவடியில் நான் வேலை பார்த்தது ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்தவனை முதலில் கேஜ் ரூமில் போட்டார்கள். செய்து வரும் பாகம் சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்க்கிற இடம் அது. மயிரிழை கூடினாலும் தள்ளு, குறைந்தாலும் தள்ளு. பன்னிரண்டு வருஷம் அதே வேலை. அதில் இரண்டு காரியம் நடந்தது. கண்ணாடி தடித்தது. புத்தியும் அளவிலேயே நின்றுவிட்டது.

என் மனைவி கோமதி தோசை ஊற்றும்போது நான் அடுப்படிப் பக்கம் போகக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். "ஒரு ஓரம் தடியா இருக்குன்னு சொல்லதுக்குன்னே வாராக" என்பாள். என்ன செய்ய, ஒரு ஓரம் தடியாகத்தான் இருக்கும்.

கண் மோசமானதும் என்னை எஸ்டேட் பகுதிக்குச் சூப்பர்வைசராக மாற்றினார்கள். குவார்ட்டர்ஸ் சாக்கடை, மரம், வேலி, மைதானம் எல்லாம் என் பொறுப்பு. எனக்கு உள்ளூர அவமானம். மைக்ரோமீட்டர் பிடித்த கையில் மண்வெட்டிக் கணக்கா என்று நாலு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை. பிறகு மைதானத்துப் புல்லுக்கும் ஓர் அளவு உண்டு, அது எழுத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. மனசு கொஞ்சம் ஆறியது.

அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழை கொட்டித் தீர்த்தது. எண்பதுகளின் பிற்பாதி, சரியான வருஷம் ஞாபகமில்லை. பொங்கலுக்கு முன்னால் பார்த்தால் மைதானத்தில் புல் முழங்கால் உயரம். டிராக்டர் பின்னால் இழுத்துப் போகிற வெட்டு மிஷின் அந்த நேரம் பார்த்துப் படுத்துவிட்டது. பல் சக்கரம் உடைந்திருந்தது. புதுச் சக்கரத்துக்கு இண்டென்ட் போட்டோம். இண்டென்ட் போட்டால் சாமான் வரும். எப்போது என்றுதான் யாரும் சொல்லமாட்டார்கள்.

அரிவாளால் அறுக்க ஆள் கேட்டேன். இருந்த நாலு பேரையும் பெரிய அதிகாரியின் பங்களாவுக்கு வெள்ளையடிக்க அனுப்பிவிட்டார்கள். விழாவுக்கு வரப்போவதும் அந்த அதிகாரிதான்.

போகியன்று செய்த காரியம்

மாட்டை விட்டு மேய்த்தால் என்ன என்று முதலில் சொன்னது கோமதிதான். சுலபமாகச் சொல்லிவிட்டாள். மாடு வைத்திருந்தது வேலிக்கு அந்தப் பக்கம் சேக்காட்டில் இருந்த கன்னியம்மா. அவள் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

அதற்கு முந்தின வருஷம் போகியன்று அவளுடைய நாலு மாடும் வேலியைத் தாண்டிக் குவார்ட்டர்ஸுக்குள் வந்துவிட்டன. நான் புதுச் சூப்பர்வைசர், விறைப்பாக இருந்த நேரம். நாலையும் ஓட்டிக்கொண்டுபோய்ப் பவுண்டில் அடைத்துவிட்டேன். பயிரை மேய்கிற மாட்டைப் பிடித்துப் போடுகிற அடைப்புக்கு எங்கள் பக்கம் கொண்டித்தொழு என்று பெயர், இங்கே பவுண்டு. அடைத்து, பூட்டி, சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாளிலிருந்து ஆபீஸ் மூன்று நாள் லீவு. இது எனக்கு உறைக்கவே இல்லை.

வாட்ச்மேன் வேலிக்கு மேலாகத் தண்ணீரும் வைக்கோலும் போட்டிருக்கிறார், அந்த மட்டும் புண்ணியம். மாட்டுப் பொங்கலன்று கன்னியம்மா மஞ்சள், குங்குமம், மாலை, பொங்கல் பானை எல்லாவற்றோடும் பவுண்டு வாசலுக்கு வந்து, கம்பி இடுக்கில் கையை விட்டு மாட்டின் நெற்றியில் பொட்டு வைத்தாளாம். பொங்கலை இலையில் வைத்துக் கம்பிக்கு அடியில் தள்ளினாளாம். பார்த்துவிட்டு வந்து கோமதி சொன்னாள். அன்று ராத்திரி அவள் எனக்குச் சோறு போட்டாள், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை.

அதனால் இந்த வருஷம் கன்னியம்மா வீட்டுக்குப் போனபோது வேலை விஷயத்தை எடுக்கவே வாய் வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "போன வருஷம் நான் செஞ்சது தப்பும்மா. பொங்கல் நாள்ல அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. மன்னிச்சுரு" என்றேன்.

அவள் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். புருஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வாட்ச்மேன், மாடு முழுக்க இவள் பாடு.

"தப்புன்னு இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள்.

"அன்னைக்கே தெரிஞ்சுது. வரத்தான் மூஞ்சி இல்ல."

புண்ணாக்குக் கையால் திண்ணையைக் காட்டினாள். "செரி, குந்து. சொம்மா வந்து மன்னாப்பு கேக்கற ஆளு இல்லியே நீ. இன்னா வோணும்?"

சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு எதிரே காட்டினாள். நாலைந்து வருஷத்துக்கு முன்பு மேய்ச்சல் வெளியாக இருந்த இடமெல்லாம் மனைக் கல் நட்டுக் கிடந்தது.

"பாத்தியா? எங்க போயி மேய்க்கறது? தை கடைசில தரகரு வரேன்னு சொல்லிகீறாரு. நாலையும் புடிச்சு குடுத்துட்டு நானும் பட்டறைக்கு பெருக்கப் போறேன். உன் மைதானத்துல பத்து நாளு மேஞ்சா என் பொழப்பு ஓடிருமா?"

"என்ன செய்யணும், சொல்லு."

"வருசம் பூரா கேட்ட தொறந்து உடணும். அப்ப மாட்ட குடுக்கமாட்டேன்."

அது என் கையில் இல்லை, பெரிய அதிகாரி சொல்ல வேண்டும் என்றேன். மைதானம் விழாவுக்குச் சரியாக அமைந்தால் நானே அவரிடம் வாய்விட்டுக் கேட்கிறேன் என்றேன். அமையாவிட்டால் கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்காது, அதையும் சொன்னேன்.

"அப்ப அமையணும்" என்றாள். அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம்.

கேட் திறந்தது

மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள் மாடுகள் வந்தன. கன்னியம்மாவின் நாலு, அக்கம்பக்கத்தார் மாடு பன்னிரண்டு. கொம்பில் பூசிய நீலமும் சிவப்பும் இன்னும் பிசுபிசுப்பாக இருந்தன. கேட் கம்பியில் உரசி எல்லாக் கம்பியிலும் வண்ணம் ஒட்டிக்கொண்டது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் வேலியோரம் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

என் கணக்கு இது. மாடு கிழக்கு ஓரத்தில் ஆரம்பிக்கும். தின்றுகொண்டே மேற்கே போகும். கோல் போஸ்ட்டைத் தொடும்போது வேலை முடியும். மிஷின் அப்படித்தான் போகும். மாடும் அப்படிப் போகும் என்று எனக்கு யார் சொன்னது?

கன்னியம்மா முதல் நாளே சொன்னாள். "மொத்தத்தையும் தொறந்து உடாத சூப்ரவைசரு. கவுறு கட்டி கொஞ்சம் கொஞ்சமா உடு."

எனக்குக் காது சிவந்துவிட்டது. மைதானம் என் பொறுப்பு, மாடு அவள் பொறுப்பு, இதில் கயிறு எங்கிருந்து வந்தது? "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்றேன். அவளும் "எப்டினா போ" என்று போய் வேலியோரம் உட்கார்ந்துவிட்டாள்.

தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மழைக்கு முன்பு பையன்கள் பந்தாடிக்கொண்டிருந்ததால் அங்கே புல் ஒரு சாணுக்கும் குறைவு, பச்சைப் பசேல் என்று இலையாக இருந்தது. பதினாறு மாடும் நேரே அங்கே போயின. மறுநாளும் அங்கேதான். மூன்றாம் நாள் நானே கம்பை எடுத்துக்கொண்டு உயரப் புல் பக்கம் ஓட்டினேன். போயின. மோந்து பார்த்தன. நுனியை ரெண்டு வாய் கிள்ளின. புல்லை மிதித்துக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி குழாய்ப் பக்கம் வந்துவிட்டன.

எனக்கு அது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. ஏனென்றால் என் ரிஜிஸ்டரில் சராசரி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் அரை அங்குலம்கூட இல்லை, மறுபக்கம் முழங்கால் உயரத்துக்கு நின்றாலும் நான் ஸ்கேல் ஊன்றிய தடத்தில் மிதிபட்டுக் கணுக்கால் அளவுக்குச் சாய்ந்து கிடந்தது. இரண்டையும் கூட்டி வகுத்தால் உத்தரவில் உள்ள அளவு. ஞாயிற்றுக்கிழமை அதைத்தான் தேவராஜ் உதைத்துக் காட்டினான்.

பந்தைக் கண்டெடுக்க அவனுக்குக் கால் மணி நேரம் ஆனது. எடுத்து வந்தவன் அதை என் ரிஜிஸ்டர் மேல் வைத்துவிட்டுப் போனான். அதுதான் எனக்கு வலித்தது. கேஜ் ரூமில் ஒரு பாகத்தை ஒரு முனையில் தடியாகவும் மறுமுனையில் மெல்லிசாகவும் செய்து கொண்டுவந்து "சராசரி சரி" என்று எவனாவது சொல்லியிருந்தால் அவனை நான் சும்மா விட்டிருப்பேனா? அந்த மடத்தனத்தை நானே செய்து கையெழுத்தும் போட்டிருந்தேன்.

மேல் பல் இல்லாத கூட்டம்

அன்று மத்தியானம் வேலியோரம் கன்னியம்மாவுக்கு எதிரே தரையில் போய் உட்கார்ந்தேன்.

"சொல்லு. இப்பக் கேக்கேன்."

"இன்னாத்த சொல்றது? நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே."

"எனக்கு ஒரு எழவும் தெரியல. போதுமா?"

அதற்குத்தான் காத்திருந்தாள்போல. சத்தமாகச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற செவலைப் பசுவின் உதட்டைப் பிடித்து விரித்தாள். "பாரு, மேல முன்பல்லு கீதா?" இல்லை. வெறும் ஈறு. நாற்பது வருஷம் மாட்டுப்பால் குடித்தவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மாடு கடிச்சு துன்னாது. நாக்க நீட்டி சுத்தி வளைச்சு புடுச்சு, கீழ்ப்பல்லால அழுத்தி வெடுக்குன்னு இழுக்கும். நாக்கு சுத்தறதுக்கு புல்லு ஒசரம் வோணும்ல? மொட்டையில நாக்கு சுத்துமா? அதான் நாளெல்லாம் நொறுக்கு நொறுக்குன்னு கொறிச்சுகினு கீது."

"அப்ப ஒசரப் புல்லுல நல்லா சுத்தலாமே?"

"சுத்தலாம். ஆனா அது முத்திப்போச்சு. எல கம்மி, தண்டு சாஸ்தி. வாய்க்குள்ள போன அத மென்னு முடிக்கவே நேரம் பூடும். உனுக்கு முருங்கக்காயும் முருங்கக்கீரையும் வச்சா சக்கைய மென்னுகினா இருப்ப?"

எனக்கு நம்பிக்கை வர வேண்டுமானால் அளந்து பார்த்தாக வேண்டும். கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு செவலையைப் பின்தொடர்ந்தேன். கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

மொட்டைப் பக்கம் செவலை ஒரு நிமிஷத்தில் எத்தனையோ தடவை கடித்தது. நுனுக் நுனுக்கென்று சின்னக் கடி. ரெண்டு கடிக்கு ஒரு எட்டு, ரெண்டு கடிக்கு ஒரு எட்டு என்று நகர்ந்துகொண்டே இருந்தது. தலையை நிமிர்த்தவே இல்லை. மூக்கில் மண் ஒட்டியிருந்தது. உயரப் பக்கம் நிமிர்ந்து நின்று நுனியைத் தேடித் தேடிப் பறித்தது, பறித்ததை வெகுநேரம் மென்றது. இரண்டுக்கும் நடுவே நாலைந்து தப்படி அகலத்துக்கு ஒரு வரப்பு மாதிரி, உள்ளங்கை உயரத்துக்குத் துளிர்ப் புல் இருந்தது. அங்கே வந்ததும் நடையை நிறுத்திவிட்டது. நாக்கு சுழன்றது, தலை ஒரு வெட்டு வெட்டியது, சர்ரக் என்று சத்தம். வாய் நிறையப் புல். நின்ற இடத்திலேயே அரைவட்டம் போட்டு அவ்வளவையும் முடித்தது. கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல ஒரு சத்தம் அது. எனக்கே பசித்தது.

"இந்த ஒசரத்துல ஒரு கால்பொழுது மேஞ்சா ரொம்பிரும். அப்பறம் படுத்துகினு அசை போடும், பாலும் கறக்கும். இங்க வந்ததுலேருந்து என் செவல அர சொம்பு கம்மியாத்தான் கறக்குது, தெரியுமா உனுக்கு?" என்றாள். இடுப்பெலும்புக்கு முன்னால் இடது வயிற்றுப் பள்ளத்தைத் தொட்டுக் காட்டினாள். கை உள்ளே போகிற ஆழம் இருந்தது.

என் ரிஜிஸ்டர் திருப்தியாக இருந்த ஏழு நாளும் அந்த மாடு அரை வயிறு. எனக்கு வெட்கமாக இருந்தது. "இப்ப என்ன செய்ய? அதைச் சொல்லு" என்றேன்.

உயரப் புல்லை எருமை தின்னும், தண்டு என்று பார்க்காது. எருமை மேலே தட்டிவிட்டால் மாட்டுக்குச் சரியான உயரம் கிடைக்கும். மாடு ஓர் அளவுக்குக் கீழே இறங்காது, தன் சாணி விழுந்த இடத்தைச் சுற்றியும் வாய் வைக்காது. அந்த மிச்சத்தை ஆடு சுத்தம் செய்யும். இவ்வளவுதான் அவள் சொன்னது. மொட்டைப் பக்கத்துக்குக் கயிறு கட்டி ஒரு வாரம் யாரும் மிதிக்காமல் விட வேண்டும்.

"எருமை யாரு வச்சிருக்கா?"

அவள் முகம் மாறியது. "எங் கொழுந்தன்" என்றாள்.

எருமைக்காகப் பேசிய பேச்சு

கொழுந்தன் பெயர் ஏகாம்பரம். அடுத்த தெரு. வீட்டுக் கொல்லையில் ஒரு வேலிக்கல்லை யார் நகர்த்தினார்கள் என்ற தகராறில் அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. கல் நகர்ந்தது ஒரு முழமாம். அளந்து சொல்லட்டுமா என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"நீ போயி கேளு" என்றாள். "நீ வந்தாத்தான் நடக்கும்" என்றேன். கொஞ்ச நேரம் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாள். பிறகு முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

ஏகாம்பரம் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் கை நின்றது. கன்னியம்மா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"சூப்ரவைசரு, எரும ஒரு வாரத்துக்கு வோணும்னு அந்தாளாண்ட கேளு."

நான் திரும்பினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என்னிடம், "இன்னாத்துக்குன்னு அவங்களாண்ட கேளு சார்" என்றார்.

"மாட்ட விக்காம வச்சுக்கறதுக்குன்னு சொல்லு."

"மாட்ட விக்கப் போறாங்களா? யாரு சொன்னா? எங்க அண்ணன் ஏன் என்னாண்ட சொல்லல?" இதை அவர் என்னைப் பார்க்காமல் நேரே அவளைப் பார்த்துக் கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டார்.

கன்னியம்மாவும் என்னை விட்டுவிட்டாள். "சொன்னா நீ இன்னா செய்வ?"

"இன்னாவோ செய்வேன். எங்கம்மா வச்சுகினு இருந்த மாட்டு வம்சம் அது. வித்துருவீங்களா?"

அதற்கப்புறம் இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். வேலிக்கல், கல்யாணச் சீர், யாரோ யாருக்கோ போடாத காப்பி எல்லாம் வந்தது. நான் நடுவில் மண்டபத் தூண் மாதிரி நின்றேன். முடிவில் அவர் மனைவி உள்ளேயிருந்து மூன்று டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். கன்னியம்மா எடுத்துக் குடித்தாள். திங்கட்கிழமை ஆறு மணிக்கு ஏழு எருமையும் மைதானத்து கேட்டில் நின்றன.

ஏ, பி, சி

தொழிற்சாலைக்காரன் புத்தி, நான் அதற்கும் ஷிஃப்ட் போட்டேன். விடிந்ததும் ஏ ஷிஃப்ட், எருமை. உயரப் புல்லை நாலு பாத்தியாகக் கயிறு கட்டிப் பிரித்து, ஒரு நாளைக்கு ஒன்று. எருமைகள் உள்ளே இறங்கிய சத்தமே வேறு. தலையை ஆட்டி ஆட்டி, நின்று நிதானமாக, தண்டும் தாளுமாக மென்று தள்ளின. முதல் நாள் முடிந்தபோது அந்தப் பாத்தி ஒரு சாண் உயரத்துக்கு வந்திருந்தது.

மறுநாள் அதே பாத்தியில் பி ஷிஃப்ட், மாடு. மேல் தண்டு மறைத்துக்கொண்டிருந்த அடி இலையெல்லாம் இப்போது வெளியே தெரிந்தது. செவலை உள்ளே போனதும் நாக்கு சுழன்றது. நான் ஸ்கேலை எடுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். சர்ரக், சர்ரக். பத்தரை மணிக்கெல்லாம் வயிறு நிரம்பித் தூங்குமூஞ்சி மரத்தடியில் படுத்துவிட்டது.

"படுத்துருச்சே" என்று பழைய புத்தியில் சொல்லிவிட்டேன்.

"படுக்கட்டும். ரொம்பாத மாடுதான் நின்னுகினே கெடக்கும்" என்றாள் கன்னியம்மா. அந்தப் பள்ளத்தில் இப்போது கை உள்ளே போகவில்லை.

சி ஷிஃப்ட்டுக்கு மேனாம்பேட்டுப் பக்கத்திலிருந்து ஓர் ஆட்டுக்காரர் முப்பது செம்மறியோடு வியாழக்கிழமை வந்தார். அவர் கேட்ட ஒரே கூலி கன்னியம்மா கையால் ஒரு செம்பு மோர். சாணியைச் சேக்காட்டுப் பெண்கள் கூடையில் அள்ளிக்கொண்டு போனார்கள். அதைச் சுற்றி மாடு தொடாமல் விட்டிருந்த குத்துக் குத்தான புல்லை ஆடுகள் உதட்டால் துழாவி ஒட்ட நறுக்கின. குவார்ட்டர்ஸ் மாடியிலிருந்து பார்த்தால் அழகாக இருந்தது. கோமதி தினம் காலையில் காப்பியோடு மாடியில் நின்றாள். மொட்டையில் ஒரு வாரத்தில் விரல்கடை அளவுக்குத் துளிர் வந்துவிட்டது.

சனிக்கிழமை தேவராஜ் பந்தோடு வந்தான். உதைத்தான். பந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு உருண்டு போய் வேலியில் இடித்து நின்றது. அவன் என்னைப் பார்த்தான். ஓடி வந்து என்னைத் தூக்கிவிட்டான், படுபாவி. எனக்கு அப்போதே எழுபது கிலோ.

"மிஷின் வந்துருச்சா?"

ஞாயிற்றுக்கிழமை விழா. வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு, காகிதக் கொடி, ஒலிபெருக்கி. பெரிய அதிகாரி வந்தார். கொடியேற்றிவிட்டு மைதானத்தில் நடந்தவர் பாதியில் நின்று ஷூவால் புல்லைத் தடவிப் பார்த்தார்.

"மிஷின் வந்துருச்சா? நல்லா வெட்டியிருக்கீங்க" என்றார் என்னிடம்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், என் வாயில் "ஆமா சார்" வந்துவிட்டது. பல்லுக்குப் பின்னால் நின்றது. குவார்ட்டர்ஸுக்குள் மாடு வரக்கூடாது என்பது விதி, அதைக் காவல் காக்கத்தான் எனக்குச் சம்பளம். ஆமாம் என்று சொல்லிவிட்டால் எனக்குக் கைகுலுக்கல். வேலிக்கு வெளியே கூட்டத்தோடு கன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள். புதுச் சேலை. அவளுக்கு நாங்கள் பேசுவது கேட்காது. நான் என்ன சொன்னேன் என்று அவளுக்குத் தெரியவே போவதில்லை.

"மிஷின் வரல சார். மாடு" என்றேன்.

"என்னது?"

"எருமை, மாடு, ஆடு. மூணு ஷிஃப்ட். விதியை மீறினது நான் சார். மாட்டுக்காரம்மா மேல தப்பு இல்ல."

அவர் மறுபடி புல்லைப் பார்த்தார். மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தார். "அதானே, எங்கயோ ஊர்ல இருக்கற மாதிரி இருக்கேன்னு பாத்தேன்" என்று சிரித்துவிட்டார். பிறகு அவளைக் கூப்பிடச் சொன்னார்.

கன்னியம்மா வந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"அடுத்த வருஷ விழாவுக்கும் இதே மாதிரி செஞ்சு குடுப்பியாம்மா?" என்றார்.

"அடுத்த வருசம் வரிக்கும் உட்டா மறுபடி முட்டி ஒசரம் ஏறி முத்திப்பூடும் சார். அப்பறம் எந்த மாடும் தொடாது. தெனம் காலீல உடு. பாத்தி பாத்தியா மேஞ்சு வந்தா புல்லும் இதே ஒசரத்துல நிக்கும், என் மாடும் என்னாண்டயே நிக்கும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "இவங்க சொல்றது சரியா?"

"அளந்து பாத்துட்டேன் சார். சரிதான்" என்றேன்.

அனுமதிக் கடிதம் டைப் அடித்து, முத்திரை குத்தி, கையெழுத்தாகி வரப் பத்து நாள் ஆனது. ஆபீஸ் அப்படித்தான். வாய்மொழியாக அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டதால் நான் திங்கட்கிழமையே கேட்டைத் திறந்துவிட்டேன். காகிதம் கைக்கு வந்ததும் அதைக் கொடுக்கச் சேக்காட்டுக்கு நடந்தேன். தை கடைசி. காலை ஒன்பது மணி இருக்கும்.

அவள் வாசலில் ஒரு மினி லாரி நின்றது. தரகர், தோளில் நாலு புதுக் கயிறு. கன்னியம்மா முற்றத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், எழுந்திருக்கவில்லை.

"இன்னாம்மா, வரச் சொல்லிட்டு கொட்டாய காலி பண்ணி வச்சிகீற. மாடு எங்க?" என்றார் தரகர்.

"மாடா? ஃபேக்டரிக்கு வேலைக்கு போயிகீது" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் சட்டைப் பையில் குத்தியிருந்த தொழிற்சாலை அடையாளச் சீட்டைப் பார்த்தார். நான் கையில் இருந்த காகிதத்தைப் பிரித்து, முத்திரை தெரிகிற மாதிரி அவர் முன்னால் நீட்டினேன்.

"ஆமாய்யா" என்றேன். "பர்மனென்ட்."